நாளைக் காற்றுக்கு இன்றே கணக்கு

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் விளக்கின் சுவிட்சைத் தட்டுகிறோம். விளக்கு எரிகிறது. நமக்கு அது சாதாரணக் காரியம். ஆனால் அதே நொடியில் எங்கோ இருக்கும் ஒரு மின்நிலையம் நமக்காக அந்த அளவு மின்சாரத்தைக் கூடுதலாகத் தயாரித்தாக வேண்டும். மின்சாரத்தை அரிசி மூட்டைபோல் கிடங்கில் அடுக்கிவைக்க முடியாது. இப்போது பெரிய பேட்டரிகள் வந்துவிட்டன என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரு நாட்டின் பல நாள் தேவையைச் சேமித்துவைக்கும் அளவுக்கு அவை இன்னும் வளரவில்லை. தயாரிப்பதும் செலவழிப்பதும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். தராசு சாய்ந்தால் என்ன ஆகும் என்பது நம் நாட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, சனிக்கிழமை மாலை. திரெங்கானுவில் பாக்கா அருகே ஒரு மின்தடத்தில் ஏற்பட்ட கோளாறு, சற்று நேரத்தில் தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளில் தள்ளியது. அப்போது நான் பள்ளிப் பிள்ளை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டது எங்களுக்கு விளையாட்டு. கடை வைத்திருந்தவர்களுக்கும் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும் அது விளையாட்டல்ல. ஒரு பெரிய நிலையம் திடீரென்று தொகுப்பிலிருந்து விலகினால், மற்ற நிலையங்கள் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடுகின்றன.

இத்தனைக்கும் அன்று ஓடிக்கொண்டிருந்தவை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் நீரிலும் இயங்கும் நிலையங்கள். மனிதன் சொன்னால் ஓடும், சொன்னால் நிற்கும். அந்த இடத்தில் காற்றாலைகளை வைத்துப் பாருங்கள். காற்று யார் பேச்சைக் கேட்கும்? அப்படியிருக்க, டென்மார்க் தன் மின்தேவையில் பாதியளவை இன்று காற்றிலிருந்து எடுக்கிறது. விளக்குகள் அணையாமல் எரிகின்றன. நாளை பிற்பகல் மூன்று மணிக்குக் காற்று எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை இன்றே கணக்குப் போடும் ஒரு வித்தை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த வித்தையின் வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறோம்.

வானிலை படித்த ஆசிரியர்

டென்மார்க்கில் போல் லா கூர் என்று ஒருவர் இருந்தார். 1846இல் பிறந்தவர். காற்றாலை மின்சாரத்தின் முன்னோடிகளில் ஒருவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அவர் படித்தது என்ன தெரியுமா? வானிலை இயல். 1872இல் டென்மார்க் வானிலைக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் துணைத் தலைவர் பொறுப்பில் அமர்ந்தவர் அவர். பிறகு அந்தப் பதவியை விட்டுவிட்டு அஸ்கோவ் என்ற சிற்றூரில் கிராமத்து இளைஞர்களுக்கான உயர்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

1891இல் அரசாங்க மானியத்தோடு அந்தப் பள்ளி வளாகத்தில் மின்சாரம் தயாரிக்கும் காற்றாலை ஒன்றை அமைத்தார். நகரத்துக்காரர்களுக்கு நிலக்கரி மின்சாரம் கிடைக்கிறது, கிராமத்து விவசாயிக்கு என்ன இருக்கிறது என்பது அவருடைய கவலை. காற்று நின்றால் விளக்கு அணையுமே என்ற சிக்கல் முதல் நாளே வந்தது. காற்று எப்போது வரும் என்று கணிக்க முயலவேண்டிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். வானிலை படித்தவர் அல்லவா? ஆனால் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. காற்றடிக்கும்போது கிடைத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவாகச் சேமித்தார். அந்த வாயுவை எரித்துப் பள்ளிக்கு வெளிச்சம் கொடுத்தார். 1895 தொடங்கிச் சில ஆண்டுகள் அந்தப் பள்ளி அப்படித்தான் ஒளிர்ந்தது.

அன்றைய வானிலை இயல் எந்த நிலையில் இருந்தது என்று பார்த்தால் அவர் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பிறகுதான் கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் இவரே. 1861 ஆகஸ்ட் முதல் தேதி லண்டன் டைம்ஸ் நாளிதழில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பை வெளியிட்டார். பலித்த நாட்களை யாரும் நினைவில் வைக்கவில்லை. பலிக்காத நாட்களில் கேலி செய்தார்கள். 1865இல் அவர் இறந்த பின் பத்திரிகை முன்னறிவிப்பு பல ஆண்டுகள் நிறுத்தியே வைக்கப்பட்டது. முன்னறிவிப்புச் சொல்பவனுக்குக் கிடைக்கும் மரியாதை அன்றும் அவ்வளவுதான்!

கணிதத்தால் வானிலையைக் கணிக்கலாம் என்று 1922இல் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் ஒரு நூலே எழுதினார். சோதனைக்காக 1910 மே 20ஆம் தேதியின் ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். வாரக்கணக்கில் உழைத்துக் கிடைத்த விடை, காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. தன் கணக்கு தவறிப்போனதை அவர் மறைக்கவில்லை, நூலிலேயே அச்சிட்டார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவருடைய வழி சரிதான் என்பது 1950இல் ஏனியாக் என்ற கணினியில் வானிலையைக் கணக்கிட்டபோது தெரிந்தது.

மரம் சொன்ன கணக்கு

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் ‘தாத்தாவின் குமிழ்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு மலை. பால்மர் புட்னம் என்ற பொறியாளர் அங்கே 1,250 கிலோவாட் காற்றாலையை எழுப்பினார். 1941 அக்டோபர் 19ஆம் தேதி அது ஊர் மின்தொகுப்போடு இணைந்தது. அதற்கு முன் உலகில் அவ்வளவு பெரிய காற்றாலை கிடையாது.

எந்த மலையில் காற்று அதிகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பல ஆண்டு அளவீடு கையில் இல்லை. புட்னம் குழுவினர் மரங்களைப் பார்த்தார்கள். ஓயாமல் காற்றடிக்கும் இடத்தில் மரத்தின் கிளைகள் ஒரு பக்கமாகவே, கொடி பறப்பதுபோல் வளரும். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை வைத்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடலாம். கிரிக்ஸ் என்ற தாவரவியலாளரின் பெயரையும் புட்னத்தின் பெயரையும் சேர்த்து அந்த அளவுகோலை இன்றும் அழைக்கிறார்கள். இத்தனை செய்தும், அந்த மலையில் காற்று அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வீசியது. 1945 மார்ச்சில் எட்டு டன் எடையுள்ள ஓர் இறக்கை பிய்ந்து விழுந்தது. போர்க்காலம், பணமும் இல்லை. கதை அத்தோடு முடிந்தது.

காற்று எதிர்பார்ப்பைவிடச் சற்றுக் குறைந்தால் அவ்வளவு பெரிய நட்டமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் காற்றின் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் இரண்டு மடங்காகாது. எட்டு மடங்காகிவிடும். நாளை நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று கணித்து, உண்மையில் 10 மீட்டர் வீசினால், வானிலைக்காரருக்கு அது சின்னப் பிழை. ஆற்றல் கணக்கிலோ ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம்! அதோடு நிற்கவில்லை. வேகம் நொடிக்கு 3, 4 மீட்டருக்குக் கீழே இருந்தால் காற்றாலை சுற்றாது. சுமார் 25 மீட்டரைத் தாண்டினால், இறக்கை உடைந்துவிடாமல் இருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அதாவது, காற்று மிகவும் நன்றாக வீசினால் மின்சாரம் பூஜ்யம்.

டென்மார்க் போட்ட பாதை

லா கூரிடம் 1904இல் பயிற்சி பெற்ற மாணவர்களில் யோகானஸ் யூல் என்ற இளைஞர் இருந்தார். ஐம்பது ஆண்டு கழித்து, 1957இல், கெட்சர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை அவர் அமைத்தார். ஆசிரியரைப் போல் வாயுவில் சேமிக்காமல் நேராகப் பொது மின்தொகுப்பில் இணைத்தார். அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த நாளிலிருந்து, காற்று நின்றால் அதன் இடத்தை யார் நிரப்புவது என்ற தலைவலி விவசாயியிடமிருந்து மின்வாரியத்துக்கு இடம் மாறிவிட்டது. ஒரே ஒரு காற்றாலை என்றால் யாருக்கும் கவலை இல்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் வந்தபோதுதான் கவலை வந்தது.

கலிஃபோர்னியாவிலும் 1980களில் காற்றாலைகள் பெருகின. அங்கே 1985 முதல் 1987 வரை ஒருவர் கையடக்கக் கால்குலேட்டர் ஒன்றில் நிரல் எழுதி, அடுத்த 24 மணி நேரக் காற்றைக் கணித்துவந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. இன்று வானிலைக்கென்றே கட்டிடம் நிறைய கணினிகள் ஓடுகின்றன. தொடக்கம் சட்டைப்பையில் இருந்தது!

டென்மார்க்கின் ரீசோ ஆய்வுக்கூடம் முதலில் அணுசக்திக்காக உருவானது. 1985இல் டென்மார்க் நாடாளுமன்றம் அணுமின் நிலையங்களைத் தன் திட்டங்களிலிருந்து நீக்கியது. அந்தக் கூடத்தில் காற்றாலை ஆய்வு ஓங்கி வளர்ந்தது. 1989இல் ஐரோப்பா முழுமைக்கும் ‘காற்று வரைபட நூல்’ ஒன்றை வெளியிட்டார்கள். மலை, காடு, கட்டிடம் என ஒவ்வொன்றும் காற்றை எப்படித் திருப்பும், தடுக்கும் என்று கணக்கிடும் முறை அதில் இருந்தது. 1990களில் லார்ஸ் லேண்ட்பெர்க் என்ற ஆய்வாளர் அந்த முறையை வானிலைக் கணினியின் முன்னறிவிப்போடு இணைத்தார். இதே காலத்தில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் மேட்சன் குழுவினர் வேறொரு வழியில் வந்தார்கள். அவர்களுடைய நிரல் நேற்றைய கணிப்பையும் நேற்றைய உண்மையான உற்பத்தியையும் ஒப்பிட்டுத் தன் பிழையிலிருந்து தானே கற்றுக்கொள்ளும். 1994 முதல் மேற்கு டென்மார்க்கின் மின்சாரத் துறை அதை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கியது.

இரண்டும் சேர்ந்த முறையைத்தான் இன்றுவரை உலகம் பின்பற்றுகிறது. வானிலைக் கணினி பெரிய பரப்புக்கான காற்றைச் சொல்லும். அதை அந்த மேட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் ஏற்றபடி திருத்துவார்கள். வேகத்தை மின்சாரமாக மாற்றும் கணக்கு அடுத்து வரும். கடைசியில், நேற்றுவரை நடந்த பிழைகளை வைத்து இன்னொரு திருத்தம்.

இதில் ஒரு வேடிக்கை. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு, ‘இப்போது இருப்பதே நீடிக்கும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவனை வெல்வது பெரிய கணினிக்கும் கடினம். சில மணி நேரத்துக்கு அப்பால்தான் வானிலைக் கணினி தன் திறமையைக் காட்டும். இன்னொன்று: ஒரே ஒரு காற்றாலைக்குக் கணிப்பது கடினம், நாடு முழுவதும் பரவியிருக்கும் ஆயிரம் காற்றாலைக்குச் சேர்த்துக் கணிப்பது எளிது. ஓரிடத்தில் கூடுதலாகப் போன பிழையை வேறோரிடத்துக் குறைவு ஈடுகட்டிவிடும்.

இந்தக் கணிப்பு எல்லா நாளும் காப்பாற்றிவிடவில்லை. 2005 ஜனவரி 8, சனிக்கிழமை. சுவீடனின் காடுகளை வேரோடு சாய்த்த கடும்புயல் டென்மார்க்கையும் தாக்கியது. மேற்கு டென்மார்க்கின் காற்றாலைகள் 2,000 மெகாவாட்டுக்கு மேல் தந்துகொண்டிருந்தன. காற்று மேலும் வலுத்தது. நான் முன்பு சொன்ன 25 மீட்டர் எல்லையைத் தாண்டியது. ஒவ்வொரு காற்றாலையாகத் தன்னை நிறுத்திக்கொண்டது. சில மணி நேரத்தில் உற்பத்தி ஏறத்தாழ 200 மெகாவாட்டுக்கு இறங்கியது. கடலுக்குள் இருந்த ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைத் தொகுதியின் 80 காற்றாலைகளும் நின்றன. கணிப்பாளர்கள் புயல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் 24க்கும் 26க்கும் இடையே இருக்கும் அந்த இரண்டு மீட்டர் வித்தியாசத்தைத் துல்லியமாகச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். கடலுக்கடியில் ஓடும் கம்பிவடம் வழியாக நார்வேயின் நீர்மின்சாரம் கை கொடுத்தது. அண்டை வீட்டுக்காரர் நல்லவராக அமைந்தது டென்மார்க்கின் அதிர்ஷ்டம்.

டெக்சஸில் ஒரு மாலை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்கு அப்படிப்பட்ட அண்டை வீடு இல்லை. அதன் மின்தொகுப்பு மற்ற மாநிலங்களோடு பெரிதாக இணையாமல் தனித்து நிற்பது. இந்த வரலாறு முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்த சம்பவம் அங்கேதான் நடந்தது.

2008 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. மாலை நேரம். மேற்கு டெக்சஸில் 1,700 மெகாவாட்டுக்கு மேல் இருந்த காற்று மின்சாரம் மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 300 மெகாவாட்டுக்குச் சரிந்தது. அதே வேளையில் மக்கள் வேலை முடிந்து வீடு திரும்புகிறார்கள். விளக்கு, அடுப்பு, தொலைக்காட்சி எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குகின்றன. தேவை 4,000 மெகாவாட்டுக்கும் மேல் உயர்ந்தது, அதுவும் எதிர்பார்த்ததைவிட வேகமாக. போதாததற்கு, வழக்கமான மின்நிலையம் ஒன்றும் தான் தருவதாகச் சொன்ன மின்சாரத்தைத் தரவில்லை.

மாலை 6.41க்குக் கட்டுப்பாட்டு அறை நெருக்கடி நிலையின் இரண்டாம் கட்டத்தை அறிவித்தது. முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்ட பெரிய தொழிற்சாலைகளின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பத்தே நிமிடத்தில் 1,100 மெகாவாட் அளவுக்குச் சுமை குறைந்தது. ஒன்றரை மணி நேரத்தில் நிலைமை சீரடைந்தது. வீடுகளில் விளக்கு அணையவில்லை. ஆனால் மறுநாள் செய்திகள் எல்லாம் காற்றின்மேல் பழியைப் போட்டன. காற்றாலையை நம்பினால் இப்படித்தான் என்று பேசினார்கள்.

பிறகு அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் அந்த மாலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதில் தெரியவந்த செய்திதான் முக்கியம். காற்று விழப்போகிறது என்பதை ஒரு கணிப்பு நிறுவனம் ஓரளவு சரியாகவே சொல்லியிருந்தது. முந்தைய நாளே சொல்லியிருந்தது! ஆனால் அந்தக் கணிப்பு அப்போது சோதனை நிலையில் இருந்தது. கட்டுப்பாட்டு அறையின் அன்றாட வேலைமுறைக்குள் அது இன்னும் வரவில்லை. காற்றாலை நிறுவனங்கள் தாங்களாகத் தந்த அட்டவணையை வைத்துக்கொண்டு அறையில் இருந்தவர்கள் வேலை பார்த்தார்கள். அட்டவணை ஒன்று சொன்னது, காற்று வேறொன்று செய்தது. சரியான விடை ஒரு கணினியில் இருந்தது. முடிவெடுக்க வேண்டியவர்கள் வேறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபிட்ஸ்ராய் காலத்தில் கணிப்பு சரியில்லாததால் மக்கள் நம்பவில்லை. டெக்சஸில் கணிப்பு சரியாக இருந்தும் பயன்படவில்லை. எந்த நாளில் இருந்து ஒரு கணிப்பை நம்பி, எரிவாயு நிலையத்தை ஓட்டு என்று உத்தரவு போடுவது? தவறாகப் போனால் யார் பொறுப்பு? எந்த விஞ்ஞானியும் எழுதித்தர முடியாத விதி இது. நிர்வாகம்தான் எழுத வேண்டும். ஸ்பெயின் நாடு 2006லேயே காற்று முதலான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கென்றே தனிக் கட்டுப்பாட்டு மையம் அமைத்து, கணிப்பையும் உத்தரவையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்துவிட்டது. டெக்சஸ் 2008க்குப் பிறகு பாடம் படித்தது. இன்று அமெரிக்காவிலேயே அதிகக் காற்று மின்சாரம் தயாரிப்பது டெக்சஸ்தான்.

ஆரல்வாய்மொழியும் 96 கட்டமும்

நம்மில் பலருக்கு உறவினர் இருக்கும் தமிழ்நாட்டில் இந்தக் கதை எப்படிப் போனது என்பதையும் பார்த்துவிடுவோம். நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்கள் வரிசை வரிசையாகக் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துகளில் புகுந்து வேகம் பிடித்து வெளியே வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே காற்றுக்குத் திருவிழா.

இந்தக் காற்றை ஊர் ஊராக அளந்து புள்ளிவிவரமாக்கியதில் பெரும்பங்கு அன்னா மாணி என்ற பெண் விஞ்ஞானிக்கு உண்டு. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். இந்திய வானிலைத் துறையில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. இந்தியாவின் காற்று ஆற்றல் விவரங்களைத் தொகுத்து 1983இல் நூலாக வெளியிட்டார். இந்தியாவின் பல பகுதிகளில் காற்றளக்கும் கம்பங்களை நடும் பணியையும் நடத்தினார். காற்றாலை முதலீட்டாளர் எந்த நிலத்தை வாங்குவது என்று முடிவு செய்ய அந்த அளவீடுகள் உதவின. அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித்தருவதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எந்த இடத்தில் காற்று என்பது தெரிந்தாயிற்று. எந்த மணியில் என்பது? அங்கேதான் தமிழ்நாடு சிரமப்பட்டது. காற்று எதிர்பாராமல் வலுத்தால், நிலக்கரி நிலையத்தை அவசரமாகக் குறைக்க முடியாது. அணைந்த கொதிகலனைத் திரும்ப மூட்டிச் சூடாக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் காற்றாலையை நிறுத்து என்று உத்தரவு வரும். இலவசமாக வந்த காற்று வீணாய்ப் போகும். கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகள் பல சொந்தக் காற்றாலை வைத்திருப்பவை. தங்கள் மில்லின் மின்கட்டணத்தைக் குறைக்கக் கடன் வாங்கி நட்ட காற்றாலை, நல்ல காற்று வீசும் ஜூலை மாதத்தில் சும்மா நின்றால் முதலாளிக்கு எப்படி இருக்கும்?

2010இல் இந்திய மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய காற்றாலைகள் தங்கள் உற்பத்தியை முன்கூட்டியே கணித்துத் தர வேண்டும், 30 விழுக்காட்டுக்கு மேல் பிசகினால் பணம் கட்ட வேண்டும் என்று விதி போட்டது. உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். காற்றுக்கு நான் எப்படி உத்தரவாதம் தருவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. விதியும் சரியாக நடைமுறைக்கு வராமல் நின்றுபோனது. 2015இல் மறுபடி புதிய விதி வந்தது. ஒரு நாள் 15 நிமிடம் கொண்ட 96 கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு மின்சாரம் என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். பகலில் திருத்திக்கொள்ள அனுமதி உண்டு. குறிப்பிட்ட அளவுக்குள் பிசகினால் அபராதம் இல்லை. மாநிலங்களுக்கு இடையே மின்சாரம் அனுப்பும் காற்றாலைகளுக்கு அன்று வைத்த எல்லை 15 விழுக்காடு. அதே ஆண்டு சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம், ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றின் துணையோடு தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்குக் கணிப்பு வழங்கத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கணிப்பு இல்லாமல் அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கட்டி மேய்க்க முடியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் களத்தில் இறங்கியிருக்கிறது. 2019இல் கூகுள் தன் அமெரிக்கக் காற்றாலைகளுக்கு 36 மணி நேரம் முன்னதாகக் கணிக்கும் முறையைப் பயன்படுத்தி, அந்த மின்சாரத்தின் மதிப்பு சுமார் 20 விழுக்காடு கூடியது என்று அறிவித்தது. அந்தக் காற்றாலைகள் ஒரு யூனிட்டுகூடக் கூடுதலாகத் தயாரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாளை இந்த மணிக்கு இவ்வளவு தருவேன் என்று முன்பே வாக்குக் கொடுக்க முடிந்தது. சந்தையில் அந்த வாக்குக்கு விலை கிடைத்தது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய வானிலை மையமும் செயற்கை நுண்ணறிவுக் கணிப்பை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ரிச்சர்ட்சன் வாரக்கணக்கில் பட்ட பாடு இன்று சில நிமிட வேலை.

அரங்கில் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் ஐயா கை தூக்கினார். “தம்பி, நம் நாட்டில் காற்றே இல்லையே. இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று கேட்டார். நல்ல கேள்வி.

ஐயா, நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வசிக்கிறோம். இங்கே பெரும்பாலான இடங்களில், பெரும்பாலான நாட்களில் காற்று சோம்பேறிதான். பெர்ஹெந்தியான் கெச்சில் தீவில் 2007இல் தலா 100 கிலோவாட்டில் இரண்டு காற்றாலைகளைச் சூரியத் தகட்டோடும் டீசல் இயந்திரத்தோடும் சேர்த்து அமைத்தார்கள். அங்கே வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று வலுக்கும். அந்த மாதங்களில் சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள், தீவின் மின்தேவையும் குறைந்துவிடும். காற்றும் தேவையும் கண்ணாமூச்சி ஆடுகின்றன!

ஆனால் நமக்கு வெயில் இருக்கிறது. கெடாவிலும் பேராவிலும் பெரிய சூரிய மின்நிலையங்கள் வந்துவிட்டன. பக்கத்துச் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கூரையெல்லாம் தகடுகள். மதியம் இரண்டு மணிக்கு நல்ல வெயில். இரண்டரைக்கு மேகம் கூடி இடி மழை. நமக்குப் பழகிப்போன வானம் இது. தகட்டின்மேல் மேகம் நகர்ந்தால் சில நிமிடத்தில் மின்சாரம் விழுந்துவிடும். டென்மார்க்கில் காற்று செய்ததை இங்கே மேகம் செய்கிறது. சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையம் 2017லேயே தேசியப் பல்கலைக்கழகம் தலைமையிலான குழுவுக்கு மானியம் கொடுத்து, சூரிய மின்சாரத்தை முன்கணிக்கும் முறையை உருவாக்கச் சொன்னது. ஒரு மணி நேரம் முன்னதாக மேகத்தைச் சொல்லிவிட்டால், எரிவாயு நிலையத்தைத் தயாராக வைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

ஐயா தலையாட்டினார். “அப்படியானால் துணி காயவைக்க என் மனைவி வானத்தைப் பார்த்துச் சொல்கிற கணக்குதான்” என்றார். அரங்கம் சிரித்தது. அவர் சொன்னதில் தவறில்லை. அம்மாவின் கணக்கு ஒரு கொல்லைக்கு, இவர்களுடையது ஒரு தீவுக்கு.